குரங்குகளின் குரோமோசோம்களில் உறவுமுறையைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் குரங்கு எந்தக் குரங்குக்கு நெருங்கிய உறவு என்பதைப் பல், மண்டை ஓடு, வால், உடல்மயிரின் நிறம் ஆகியவற்றைப் பார்த்தே நெடுங்காலம் தீர்மானித்து வந்தார்கள். குரோமோசோம்களை ஒப்பிட்டு அதே கேள்விக்கு விடை தேடும் முறை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

குரோமோசோம் வரைபடம் என்று எதைச் சொல்கிறோம்?

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. ஒரே நீண்ட இழையாக இருப்பதில்லை. பல துண்டுகளாகப் பிரிந்து, புரதங்களின் மேல் சுற்றிக்கொண்டு இருக்கிறது. அந்தத் துண்டுகளே குரோமோசோம்கள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை நிறமூர்த்தங்கள் என்கின்றன. எந்தப் பகுதி எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, எதற்கு அடுத்து இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்று குறித்து வைப்பதுதான் வரைபடம். இரண்டு இனங்களின் வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் சேர்ந்திருப்பது மற்றொன்றில் பிரிந்திருப்பதும், ஒன்றில் நேராக இருப்பது மற்றொன்றில் தலைகீழாகத் திரும்பியிருப்பதும் தெரியவரும்.

ஒப்பீட்டுக்கு ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும் என்பதால், மனிதக் குரோமோசோம்களின் எண்களையே எல்லா இனங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். கீழே ‘14/15 சேர்க்கை’ என்று வரும் இடங்களில், மனிதனிடம் 14ஆம், 15ஆம் குரோமோசோம்களாகத் தனித்தனியே இருக்கும் பகுதிகள் அந்த இனத்தில் ஒரே குரோமோசோமில் ஒட்டியிருக்கின்றன என்று பொருள் கொள்ள வேண்டும். இது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே. மனிதனின் அமைப்புதான் மூல அமைப்பு என்றோ மற்றவை அதிலிருந்து விலகியவை என்றோ இதற்குப் பொருள் இல்லை.

குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடாதா?

தெரியாது. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுதான். குரங்குகளின் இருமய எண்ணிக்கை, அதாவது ஓர் உயிரணுவில் இணைகளாக இருக்கும் குரோமோசோம்களின் மொத்த எண்ணிக்கை, தென் அமெரிக்காவின் லுகென்ஸ் டிட்டி குரங்கில் 16 ஆகவும், ஆப்பிரிக்காவின் நீலக் குரங்கில் 72 ஆகவும் இருக்கிறது. டி.என்.ஏ.வின் மொத்த அளவோ இரண்டிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. அதே சரக்கு, ஒன்றில் 8 இணைப் பெரிய மூட்டைகளாகவும், மற்றொன்றில் 36 இணைச் சிறிய மூட்டைகளாகவும் கட்டப்பட்டிருக்கிறது.

சிலந்திக் குரங்குகளுக்கு 32 அல்லது 34 குரோமோசோம்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த கம்பளிக் குரங்குக்கு 62. தென் அமெரிக்கச் சிறு குரங்கான சாதாரண மார்மோசெட்டுக்கு 46, மனிதனுக்கும் 46. ஆனால் மார்மோசெட் நமக்குச் சிம்பன்சியை விட நெருங்கிய உறவு அல்ல, சிம்பன்சிக்கு இருப்பதோ 48. இன்னொரு பக்கம், மக்காக் இனங்கள் அனைத்துக்கும், அதாவது ரீசஸ் குரங்கு, குல்லாய்க் குரங்கு, சிங்கவால் குரங்கு ஆகிய எல்லாவற்றுக்கும், 42 தான். பபூன்களுக்கும் மாண்ட்ரில்லுக்கும் கெலடாவுக்கும் அதே 42. அக்குழுவுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்று எண்ணிக்கை எதையும் சொல்லாது.

எண்ணிக்கை உண்மையிலேயே ஆய்வாளர்களைத் தவறான வழிக்குக் கொண்டு சென்றிருக்கிறதா?

சென்றிருக்கிறது. இலையுண்ணும் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 44 குரோமோசோம்கள். போர்னியோ தீவில் வாழும் நீள்மூக்குக் குரங்குக்கு மட்டும் 48. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகிய பெரிய மனிதக் குரங்குகளுக்கும் 48 இருப்பதால், 48 என்பதே பழைய எண்ணாக இருக்க வேண்டும் என்று கருதி, நீள்மூக்குக் குரங்கை இலையுண்ணிகளில் எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்து தனித்துப்போன, மிகப் பழமையான கிளையாகச் சிலர் வைத்தனர். கேட்பதற்குப் பொருத்தமான வாதம் தான்.

2003இல் வெளியான ஒரு குரோமோசோம் வண்ணமேற்றல் ஆய்வு (இம்முறையின் விளக்கம் கீழே வருகிறது) அந்த வாதத்தை உடைத்தது. நீள்மூக்குக் குரங்கின் கூடுதல் குரோமோசோம்கள் பழைய நிலையின் மிச்சம் அல்ல. 44 கொண்ட ஒரு மூதாதையிடம் இருந்த இரண்டு குரோமோசோம்கள் பிற்காலத்தில் பிளந்ததால் வந்தவை. அதோடு, மனிதனின் 1ஆம், 19ஆம் குரோமோசோம்களுக்கு இணையான பகுதிகள் ஒன்றுக்கொன்று துண்டுகளைப் பரிமாறிக்கொண்ட ஒரு மாற்றம், ஆசியாவின் மற்ற இலையுண்ணிகளிடம் இருப்பது போலவே நீள்மூக்குக் குரங்கிடமும் இருந்தது. ஆகவே அது ஆசிய இலையுண்ணிகளின் கூட்டத்துக்குள்ளேயே இடம்பெற வேண்டியது. 48 என்ற எண் தனியே இருந்தவரை தவறான முடிவுக்கு இடம் கொடுத்தது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் படம் தெளிவானது.

அப்படியானால் உறவுக்கு எது சான்று?

இரண்டு இனங்கள் பகிர்ந்துகொள்ளும், அதே வேளையில் பிற்காலத்தில் புதிதாகத் தோன்றிய, மாற்றமே சான்று. இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும்.

பகிரப்படாத மாற்றம் உறவைப் பற்றி எதுவும் சொல்லாது. கொரில்லாவில் மனிதனின் 5ஆம், 17ஆம் குரோமோசோம்களுக்கு இணையானவை துண்டுகளைப் பரிமாறிக்கொண்டிருக்கின்றன. பெரிய மனிதக் குரங்குகளில் கொரில்லாவிடம் மட்டுமே இருப்பதால், அது கொரில்லாவின் வழியில் நடந்தது என்று அறிகிறோமே தவிர, கொரில்லா சிம்பன்சிக்கு நெருக்கமா உராங்குட்டானுக்கு நெருக்கமா என்பதற்கு அதில் விடை இல்லை.

பகிரப்பட்டும் பழையதாக இருந்தால் அதுவும் பயன்படாது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரே ஊரில் இருவர் தாத்தா காலத்து வீட்டை அப்படியே வைத்திருந்தால், அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று ஆகிவிடாது. மற்ற பங்காளிகள் வீட்டை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்பதே அதன் பொருள். இருவரும் ஒரே மாதிரியான புதிய மாடியைக் கட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு மாற்றம் பழையதா புதியதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆராயப்படும் குழுவுக்கு வெளியே இருக்கும் உறவினர்களைப் பார்த்துத்தான். மனிதனையும் ரீசஸ் குரங்கையும் எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் நன்கு விளங்கும்.

மனிதனுக்கு 23 இணைகள், ரீசஸ் குரங்குக்கு 21 இணைகள். வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மனிதனின் 2ஆம் குரோமோசோம் ரீசஸ் குரங்கில் இரண்டாக இருக்கிறது. எனவே ஒன்று கூடி 24. அதே குரங்கில் 7உம் 21உம் ஒட்டியிருக்கின்றன, 14உம் 15உம் ஒட்டியிருக்கின்றன, 20உம் 22உம் ஒட்டியிருக்கின்றன. எனவே மூன்று குறைந்து 21. கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால் இந்த நான்கு வேறுபாடுகளும் ஒரே பக்கத்தில் நடந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெளியாரிடம் விசாரிக்க வேண்டும்.

முதலில் 2ஆம் குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான், பபூன் ஆகிய எல்லாவற்றிலும் அது இரண்டு தனிக் குரோமோசோம்களாகவே இருக்கிறது. மனிதனிடம் மட்டும் ஒன்றாக இருப்பதால், இணைவு மனித வழியில் நடந்தது. குரோமோசோம்களின் முனைகளில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறெழுத்து வரிசை (எழுத்துகள் டி.என்.ஏ.வின் வேதி அலகுகளைக் குறிப்பவை) திரும்பத் திரும்ப வரும். அதை டீலோமியர் என்கிறோம். முனையில் மட்டுமே இருக்க வேண்டிய அந்த வரிசை, மனிதனின் 2ஆம் குரோமோசோமுக்கு உள்ளே, எதிரெதிர்த் திசையில் முட்டிக்கொண்டு நிற்பதை 1991இல் காட்டினார்கள். இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அது.

அடுத்து 14/15 சேர்க்கை. மனிதனும் மனிதக் குரங்குகளும் இவற்றைத் தனித்தனியே வைத்திருப்பதால், ரீசஸ் குரங்கில் இவை ஒட்டிக்கொண்டன என்று முதலில் தோன்றும். ஆனால் புதிய உலகக் குரங்குகளை, அதாவது தென், நடு அமெரிக்கக் குரங்குகளைப் பார்த்தால் அங்கும் 14/15 ஒன்றாகவே இருக்கிறது. குரங்கினத்துக்கு வெளியே மற்ற பாலூட்டிகள் பலவற்றைப் பார்த்தாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே ஒட்டியிருப்பதே பழைய நிலை. பிரிவுதான் பிற்காலத்தது, அது மனிதக் குரங்குகளின் மூதாதையிடம் நடந்தது. மக்காக்கும் புதிய உலகக் குரங்கான கப்புச்சினும் 14/15 சேர்க்கையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்காக அவற்றை நெருங்கிய உறவாகக் கருதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. மாறாக, 14உம் 15உம் பிரிந்திருப்பது, சிறிய மனிதக் குரங்கான கிப்பன் முதல் மனிதன் வரை அனைவரையும் ஒரே கிளையில் கட்டும் முடிச்சாகிறது.

மிஞ்சிய இரண்டு, 7/21உம் 20/22உம். பெரிய மனிதக் குரங்குகளிடம் இவை இல்லை. புதிய உலகக் குரங்குகளின் மூதாதை அமைப்பு என்று மீட்டெடுக்கப்பட்டதிலும் இல்லை. பாலூட்டிகளின் பழைய அமைப்பில் 21 ஒட்டியிருந்தது 3உடன் தான். ஆக இவை பழைய உலகக் குரங்குகளின், அதாவது ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளின் பக்கத்தில் தோன்றிய புதிய இணைவுகள். மக்காக்குகளும் பபூன்களும் இவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஆய்வகத்தில் இது எப்படி நடக்கிறது?

சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த குழாயில் அதை எடுத்து, வெள்ளணுக்களைப் பிளவுறத் தூண்டும் ஒரு தாவரப் புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று நாள் வளர்க்கிறார்கள். குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாகத் தெரிவது, அணு இரண்டாகப் பிரியும் அந்தச் சிறிது நேரத்தில் மட்டும் என்பதால், கொல்சிசின் வகை மருந்தால் பிரிவை நடுவழியில் நிறுத்துகிறார்கள். பிறகு நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அணுக்களை ஊறவைத்து உப்பவைத்து, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைநிறுத்தி, கண்ணாடித் தகட்டின் மேல் துளித்துளியாக விடுகிறார்கள். தகட்டில் விழுந்த துளி பரவி உலரும்போது, உப்பிய அணு விரிந்து குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சிதறிப் படிய வேண்டும். காற்றின் ஈரப்பதம் சற்று மாறினாலும் இது கெட்டுவிடும். அதனால்தான் நல்ல தகடு கிடைத்த நாளை இத்துறையினர் எளிதில் மறப்பதில்லை.

பழைய முறையில், அந்தத் தகட்டைச் சில விநாடிகள் புரதங்களைச் சிதைக்கும் டிரிப்சின் என்ற நொதியில் நனைத்து, கீம்சா சாயம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு குரோமோசோமிலும் கருமையும் வெளிறலுமாகப் பட்டைகள் தோன்றும். 1970களில் பரவிய இந்தப் பட்டை முறையைக் கொண்டு, பாரிசில் பெர்னார்டு டுட்ரியோ அறுபதுக்கும் மேற்பட்ட பிரைமேட் இனங்களை (குரங்குகள், மனிதக் குரங்குகள், மனிதன், லெமூர் ஆகியவை அடங்கிய பாலூட்டி வரிசை) ஒப்பிட்டு ஒரு மரத்தையே வரைந்தார். 1982இல் யூனிசும் பிரகாஷும் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றின் நுண்பட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். வெறும் கண்ணையும் பொறுமையையும் நம்பிச் செய்த அந்த வேலையின் பெரும்பகுதி இன்றும் சரியாகவே நிற்கிறது என்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

1990இல் வீன்பெர்க், யாவுக், ஸ்டான்யன், கிரெமர் ஆகியோர் குரோமோசோம் வண்ணமேற்றலைப் பிரைமேட்டுகளின் ஒப்பீட்டுக்குக் கொண்டுவந்தனர். மனிதனின் ஒரு குறிப்பிட்ட குரோமோசோமின் டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயத்தை அதில் பிணைத்து, குரங்கின் குரோமோசோம்கள் படிந்த தகட்டின் மேல் விடுகிறார்கள். இரண்டின் இழைகளையும் வெப்பத்தால் பிரித்துவிட்டால், மனிதத் துண்டு தன் வரிசைக்கு ஒத்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாக் குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கும் பொதுவான மீள்வரிசைகள் எங்கும் ஒட்டிக் குழப்பாதபடி, அவற்றை முன்பே வேறொரு டி.என்.ஏ.வால் அடைத்துவிட வேண்டும். ஒரே இனத்துக்குள் ஓர் இரவு போதுமான இந்த ஒட்டுதல், வேறு இனங்களுக்கிடையே இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும்.

14க்குப் பச்சையும் 15க்குச் சிவப்பும் கொடுத்து மக்காக்கின் தகட்டை ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தால், நீலமாகத் தெரியும் குரோமோசோம்களின் நடுவில் ஒரே ஓர் இணை மட்டும் பச்சையும் சிவப்புமாக எரியும். மேலே பக்கம் பக்கமாக விளக்கிய சேர்க்கை அங்கே ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது.

வண்ணமேற்றலால் காண முடியாதவை உண்டா?

உண்டு, முக்கியமானவை. ஒரு குரோமோசோம் முழுவதும் ஒரே நிறத்தில் ஒளிரும்போது, அதற்குள் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தாலும் நிறம் மாறாது. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே, 2ஆம் குரோமோசோமின் இணைவைத் தவிர, நுண்ணோக்கியில் தெரியக்கூடிய ஒன்பது தலைகீழ்த் திருப்பங்கள் உள்ளன; அவற்றில் 1இலும் 18இலும் உள்ளவை மனித வழியில் நடந்தவை, மற்ற ஏழும் சிம்பன்சி வழியில் நடந்தவை. முழுக் குரோமோசோமுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. இதற்காகவே பட்டை முறையைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். இன்னும் நுட்பமாக, ஒரு லட்சம், இரண்டு லட்சம் எழுத்துகள் நீளமுள்ள சிறு துண்டுகளைப் பல நிறங்களில் வரிசையாக ஒட்டி, வரிசை மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. அணு பிரியும்போது குரோமோசோமை இழுத்துச் செல்லப் பிடிமானமாக இருக்கும் இடம் சென்ட்ரோமியர். சுற்றியுள்ள மரபணு வரிசை அப்படியே இருக்க, சென்ட்ரோமியர் மட்டும் வேறு இடத்தில் புதிதாகத் தோன்றுவது உண்டு. மக்காக்கில் இப்படித் தோன்றிய ஒன்பது சென்ட்ரோமியர்களை 2007இல் பட்டியலிட்டார்கள். 14/15 பிரிந்த கதையிலும் இது நடந்திருக்கிறது: பழைய சென்ட்ரோமியர் செயலிழந்து, இரண்டு துண்டுகளிலும் புதியவை தோன்றின. பழையது இருந்த இடம் மனிதனின் 15ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. மிக அரிதாகச் சில நோயாளிகளில் அதே பகுதியில் மறுபடியும் சென்ட்ரோமியர் தோன்றியிருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூட்டப்பட்ட கதவு இன்னும் முழுதாகச் சுவராகிவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

புதிய உலகக் குரங்குகளில் இந்த முறை எதைத் தெளிவாக்கியது?

தென், நடு அமெரிக்கக் குரங்குகள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதை 5/7, 2/16, 8/18, 10/16 ஆகிய சேர்க்கைகள் காட்டுகின்றன. அந்த மூதாதைக்கு 54 குரோமோசோம்கள் இருந்திருக்க வேண்டும். இன்றைய கப்புச்சின்கள் அந்த அமைப்பை அதிகம் மாற்றாமல் வைத்திருக்கின்றன.

தென் அமெரிக்கச் சிறு குரங்கான கோயல்டிக் குரங்கின் வழக்கு குறிப்பிடத்தக்கது. மார்மோசெட்டுகளும் அவற்றின் உறவினரான டாமரின்களும் வழக்கமாக இரட்டைக் குட்டிகளை ஈனும்; மூன்றாம் கடைவாய்ப்பல் அவற்றுக்கு இல்லை. கோயல்டிக் குரங்கோ ஒற்றைக் குட்டி ஈனும். மூன்றாம் கடைவாய்ப்பல்லும் உண்டு. இதனால் அதைத் தனிக் குடும்பமாகவே வைத்தவர்கள் இருந்தனர். வண்ணமேற்றியபோது, 9, 13, 22 ஆகியவற்றின் பகுதிகள் ஒன்றாகக் கோக்கப்பட்ட, வேறெங்கும் எளிதில் கிடைக்காத சேர்க்கை மார்மோசெட்டுகளோடு அதற்கும் பொதுவாக இருந்தது. மரபணு வரிசை ஆய்வுகளும் அதே இடத்தில்தான் அதைக் கொண்டுபோய் வைக்கின்றன.

ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுமா?

தென், நடு அமெரிக்காவின் ஹவுலர் குரங்குகளில் வேறுபடும். மேலங்கி ஹவுலரில் ஆணுக்கு 53, பெண்ணுக்கு 54. ஒய் குரோமோசோம் ஒரு சாதாரணக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டதால் ஆணுக்கு ஒன்று குறைகிறது. ஹவுலர்களின் வேறு சில இனங்களில் இரண்டு எக்ஸ், இரண்டு ஒய் என்று நான்கு பால் குரோமோசோம்கள், விந்தணு உருவாகும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன.

ஆப்பிரிக்கக் கெனான் குரங்குகள் ஏன் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருகின்றன?

மக்காக்குகளும் பபூன்களும் 42ஐ விட்டு நகராமல் இருக்க, அவற்றின் மிக நெருங்கிய உறவினரான கெனான்கள் 48இலிருந்து 72 வரை பரவியிருக்கின்றன. இந்த ஏற்றம் பெரும்பாலும் பிளவுகளால் வந்தது: ஒரு பெரிய குரோமோசோம் இரண்டு சிறியவையாகிறது, பிறகு வேறொன்று, பிறகு இன்னொன்று. எந்தப் பிளவு எந்த இனங்களுக்குப் பொது என்று அடுக்கிப் பார்த்தால் ஒரு மரம் கிடைக்கும். அந்த மரத்தில், பெரும்பாலும் தரையில் நடமாடும் பச்சைக் குரங்கு, பட்டாஸ் குரங்கு, லோயெஸ்ட் குரங்கு ஆகியவை ஒரே கிளையில் சேர்ந்தன; மரத்திலேயே வாழ்பவை வேறு பக்கம் போயின. ஓடுவதற்கேற்ற நீண்ட கால்களால் தனித்துத் தெரியும் பட்டாஸ் குரங்கை, உருவத்தை மட்டும் பார்த்து, லோயெஸ்ட் குரங்கின் பக்கத்தில் வைக்க எவருக்கும் எளிதில் மனம் வந்திருக்காது.

குரோமோசோம் வேறுபட்டால் இரண்டு இனங்கள் கலக்க முடியாது என்பது உண்மையா?

பொதுவான விதியாகச் சொல்ல முடியாது. தான்சானியாவின் கோம்பேயில் நீலக் குரங்கும் (72) செவ்வால் குரங்கும் (66) இயற்கையாகவே கலந்து குட்டி ஈன்றிருக்கின்றன. அக்கலப்பினங்கள் மீண்டும் குட்டி ஈன்றதும் பதிவாகியிருக்கிறது. மறுபுறம், குரோமோசோம் எண்ணிக்கையும் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் ரீசஸ் குரங்குக்கும் பபூனுக்கும் பிறந்த ஆண் மலடாக இருந்ததையும் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். மலட்டுத்தன்மைக்குக் குரோமோசோம் அமைப்பு ஒரு காரணம் மட்டுமே.

ஆனால் அது உண்மையான காரணமாக இருந்த ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். தென், நடு அமெரிக்காவின் இரவுக் குரங்குகள் அனைத்தையும் ஒரே இனமாகவே கருதிய காலத்தில், மனித மலேரியா அவற்றைத் தொற்றும் என்பதால், ஆய்வுக்காக அவற்றைக் கூட்டமாக வளர்த்தார்கள். பல இணைகள் சரியாகக் குட்டி ஈனவில்லை. குரோமோசோம்களைப் பார்த்தபோது, ஒரே இனம் என்று எண்ணிக் கூண்டில் சேர்த்துவைத்த விலங்குகள் 46 முதல் 58 வரை வெவ்வேறு எண்ணிக்கைகளைக் கொண்டிருந்தன. குரோமோசோம் அமைப்பு ஒத்தவற்றைச் சேர்த்த பின் இனப்பெருக்கம் சீரடைந்தது. மலேரியாவை எதிர்கொள்வதிலும் இக்குழுக்கள் வேறுபட்டன. 1983இல் விலங்கியலாளர் ஹெர்ஷ்கோவிட்ஸ், சாம்பல் கழுத்து, செங்கழுத்து என்னும் இரு பிரிவுகளில் ஒன்பது இனங்களாக இவற்றைப் பிரித்தார். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்ததால் ஒன்றாக அடைக்கப்பட்ட விலங்குகளின் மேல் நடந்த பிழை அது. காட்டிலிருந்து மீட்கப்படும் இரவுக் குரங்கை எங்கே திரும்ப விடுவது என்று முடிவெடுப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் தனித்தனியே நிகழ்ந்தால் முடிவு தவறாகிவிடாதா?

ஆகும். ஓர் எழுத்து மாற்றம் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப நடக்கலாம். பெரிய இணைவோ இடமாற்றமோ, துல்லியமாக அதே இரண்டு இடங்களில், இரண்டு முறை நடப்பது அரிது. இந்த முறையின் வலிமை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அரிது என்பது இல்லை என்று ஆகாது. குரோமோசோமின் சில பகுதிகள் மீள்வரிசைகள் நிறைந்து, உடைவதற்கு ஏதுவாக இருக்கின்றன. எளிய பிளவுகள் அங்கே இருமுறை நடக்கக்கூடும். எனவே ஒரே பிளவை நம்பி ஒரு கிளையை வரையக் கூடாது. கிப்பன்களைப் போல, சீட்டுக்கட்டைக் கலைத்தது போன்று குரோமோசோம்கள் மாறிப்போன குழுக்களில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை.

ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்க்கப்படும் குரங்கு உயிரணுக்களைப் பயன்படுத்தலாமா?

கூடாது. வீரோ என்ற பெயர்பெற்ற உயிரணு வழி, 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது. அந்தக் குரங்குக்கு 60 குரோமோசோம்கள். வீரோவில் எண்ணிக்கையும் அமைப்பும் மாறிவிட்டன. குடுவையில் முடிவின்றிப் பெருகும் அணுக்கள் தங்களுக்கென்று ஒரு வரலாற்றைச் சேர்த்துக்கொள்கின்றன. பிறந்த இடம் தெரிந்த, ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளிடமிருந்து புதிதாக எடுத்த மாதிரிகளே இந்த வேலைக்கு ஏற்றவை.

இனங்கள் பிரிந்த காலத்தைக் குரோமோசோம்கள் சொல்லுமா?

சொல்லாது. மக்காக்குகளும் பபூன்களும் பிரிந்த பின்னும் குரோமோசோம்கள் ஏறத்தாழ மாறாமல் நின்றன. கிப்பன்களிலோ அவை வெகு வேகமாக மாறின. வேகம் கிளைக்குக் கிளை இவ்வளவு வேறுபடும்போது அதைக் கடிகாரமாகக் கொள்ள முடியாது. காலத்துக்குப் புதைபடிவங்களையும் டி.என்.ஏ. வரிசையையும்தான் நாட வேண்டும்.

முழு மரபணுத் தொகுதியே படிக்கப்பட்டுவிட்ட பின் இந்த வேலைக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுதி 2007இலும் மார்மோசெட்டினுடையது 2014இலும் வெளிவந்தன. 2023இல் இருநூறுக்கும் மேற்பட்ட பிரைமேட் இனங்களின் வரிசைகள் ஒன்றாக ஆராயப்பட்டன. இவற்றில் பல, சிறு துண்டுகளாகப் படித்து, பின்னர் கோத்தவை. சிறு துண்டுகளிலிருந்து எழுத்துகளின் வேறுபாடு தெரியும். அந்தத் துண்டுகள் எந்தக் குரோமோசோமில், எந்தத் திசையில் இருக்கின்றன என்பது தானாகத் தெரியாது. வேறொரு இனத்தின் வரிசையை அச்சாக வைத்துக் கோத்தால், அந்த இனத்தின் அமைப்பே இதற்கும் ஏறிவிடும். தேடப்போன வேறுபாடே அழிந்துவிடும். நுண்ணோக்கியில் நேராகப் பார்த்த தகடு அங்கே சாட்சியாக நிற்கிறது.

நீண்ட இழைகளை அப்படியே படிக்கும் புதிய முறைகள் இந்தக் குறையைத் தீர்த்து வருகின்றன. 2025இல் மனிதக் குரங்குகளின் குரோமோசோம்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ இடைவெளியின்றிப் படித்து வெளியிட்டார்கள். சென்ட்ரோமியர்களும், முனைகளில் அடுக்கடுக்காக வரும் மீள்வரிசைகளும் முன்பு வெற்றிடமாக விடப்பட்டிருந்தன. இப்போது அவற்றின் எழுத்துகளும் கையில் இருக்கின்றன. டிட்டி, கெனான் குரங்குகளுக்கும் இதேபோல் முனை முதல் முனை வரை படித்த வரைபடங்கள் கிடைக்கும்போது, ஒவ்வொரு இணைவும் பிளவும் எந்த எழுத்தில் நடந்தது என்று பார்த்து, ஒரே மாற்றமா, இருமுறை நடந்ததா என்ற ஐயத்தை நேரடியாகத் தீர்க்க முடியும்.